பபனிக்கொலாவ்: ஒரு பரிசோதனையின் பெயருக்குப் பின்னால்

சின்னம்மாவுக்கு 45 வயதானபோது எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போனார். சுகவனிதையர் கிளினிக்குக்கு வரவேண்டிய திகதி அதில் எழுதியிருந்தது. அந்தத் துண்டு இரண்டு வருடங்கள் சின்னம்மாவின் கைப்பைக்குள், அடையாள அட்டைக்கும் வங்கிப் புத்தகத்துக்கும் நடுவில் மடிந்து கிடந்தது. 2009இல் சித்தப்பாவை இழந்தபின் மூன்று பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர் அவர். தையல் வேலை, கோழி வளர்ப்பு, நுண்கடன் தவணை என்று ஓடியவருக்கு அந்தத் திகதி ஒவ்வொரு முறையும் வேறொரு வேலையோடு மோதியது. வேலைதான் காரணம் என்று எங்களுக்குச் சொன்னார். கால்களை அகட்டி ஒருவர் முன்னால் படுக்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம் என்று எனக்கு மட்டும் பிறகு சொன்னார்.

கடைசியில் நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். வற்புறுத்த எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னர் பெரியம்மா கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்துபோனார். மாதவிடாய் நின்று பல வருடங்களுக்குப் பிறகு வந்த இரத்தப்போக்கை அவர் ஒரு வருடத்துக்கு மேல் யாருக்கும் சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு வீதியில் இருந்த காலம் அது. மகனைத் தேடுவதற்கு முன்னால் தன் உடம்பு ஒரு விடயமாக அவருக்குத் தெரியவில்லை.

சின்னம்மாவின் பரிசோதனை ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. சில வாரங்களின் பின்னர் வந்த அறிக்கையில் இரண்டு விடயங்கள் இருந்தன. புற்றுநோய்க்கோ அதற்கு முந்திய மாற்றத்துக்கோ அடையாளம் இல்லை என்பது ஒன்று. யோனியில் இருக்கும் பற்றீரியாக்களின் சமநிலை மாறியிருக்கிறது என்பது மற்றையது. சின்னம்மா இரண்டாவதை மட்டும்தான் கேட்டார். தான் அழுக்காக இருந்ததால்தான் இது வந்ததா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். முகாமில் குளிக்கத் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்களிலிருந்தே அவருக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது. அதனால்தான் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உள்ளே கழுவுவதை வழக்கமாக்கி வைத்திருந்தார்.

அவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். பப் என்பது ஒரு கருவியின் பெயர் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு மனிதருடைய பெயரின் முதல் துண்டு.

ஜோர்ஜ் பபனிக்கொலாவ் 1883 மே 13 அன்று கிரேக்கத்தின் யூபியா தீவில் கிமி என்ற கடலோர ஊரில் பிறந்தார். தகப்பன் ஒரு வைத்தியர், ஊரின் மேயராகவும் இருந்தவர். மகனும் ஊரிலேயே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவரது எண்ணம். மகன் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் 1904இல் வைத்தியராகி, இராணுவத்தில் கட்டாயச் சேவையையும் முடித்து ஊருக்கு வந்தார். ஆனால் அவருடைய மனம் நோயாளர் வரிசையில் நிற்கவில்லை, ஆராய்ச்சியில் நின்றது. ஜேர்மனிக்குப் போய், தண்ணீரில் வாழும் மிகச் சிறிய உயிரினங்களில் ஆண் பெண் என்பது எவ்வாறு தீர்மானமாகிறது என்று ஆராய்ந்து 1910இல் மியூனிச்சில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே வருடம் அன்ட்ரோமாக்கி மவ்ரோயெனுஸ் என்ற இராணுவக் குடும்பத்துப் பெண்ணைத் திருமணம் செய்தார். பின்னாளில் அமெரிக்காவில் எல்லோரும் மேரி என்று அழைத்தது இவரைத்தான்.

1912இல் பால்கன் போர் தொடங்கியது. பபனிக்கொலாவ் இராணுவ மருத்துவப் பிரிவுக்கு அழைக்கப்பட்டார். அமெரிக்காவிலிருந்து தாய்நாட்டுக்காகப் போரிட வந்திருந்த கிரேக்கத் தொண்டர்களை அங்கே சந்தித்தார். அவர்கள் சொன்ன கதைகள்தான் அவரைக் கப்பலேற்றின. 1913 ஒக்டோபரில் கணவனும் மனைவியும் நியூயோர்க்கில் இறங்கியபோது இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. நாட்டுக்குள் நுழைவதற்குக் காட்டவேண்டிய தொகைக்கு மேல் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் புலம்பெயர்ந்த உறவுகள் உள்ள எந்த வீட்டுக்கும் விளக்கத் தேவையில்லை. இரண்டு பட்டங்கள் பெற்ற வைத்தியர் கிம்பல்ஸ் என்ற பெரிய கடையில் கம்பளம் விற்கும் வேலைக்குப் போனார். மேரி அதே கடையில் வாரம் 5 டொலருக்குப் பொத்தான் தைத்தார். கப்பலில் கூட வந்த ஒருவர் கடையில் தன்னைக் கண்டுவிட்டதும் பபனிக்கொலாவ் வெட்கப்பட்டு முதல் நாளோடு அந்த வேலையை விட்டதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு உணவகங்களில் வயலின் வாசித்தார். கிரேக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தார். ஒருவழியாக 1914இல் கோர்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், உடற்கூற்றியல் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இருந்தார்.

அங்கே அவருடைய வேலை கினிப் பன்றிகளோடு. ஆராய்ச்சிக்குச் சூல் முட்டைகள் சரியான பருவத்தில் தேவைப்பட்டன. எந்தப் பன்றி எப்போது சூல் வெளியேற்றும் என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாததால் பல விலங்குகள் வீணாகக் கொல்லப்பட்டன. பெண் விலங்குகள் எல்லாவற்றுக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவிலாவது ஒரு மாதாந்தக் கசிவு போன்றது இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். மனிதரின் மூக்கைப் பார்க்கப் பயன்படும் சிறிய விரிப்பான் ஒன்றை வாங்கிக் கினிப் பன்றியின் யோனியைச் சோதித்தார். அங்கிருந்து எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, நாளுக்கு நாள் கலங்களின் வடிவம் ஒழுங்காக மாறுவது தெரிந்தது. உடலின் உள்ளே ஓமோன்கள் செய்யும் வேலையை ஒரு துளி கசிவில் வாசிக்கலாம் என்பது 1917இல் வெளிவந்த அந்த ஆய்வின் சாரம். ஈஸ்ரோஜன் ஓமோனை 1923இல் வேறு இரு ஆய்வாளர்கள் இனங்காண்பதற்கும் இந்த முறையே வழி அமைத்தது.

அடுத்த கேள்வி, பெண்களில் இது எப்படி என்பது. 1920இல் அந்த ஆய்வைத் தொடங்கினார். யார் மாதிரி தருவார்கள்?

மேரி தந்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 21 வருடங்கள். ஆய்வுகூடத்தில் சம்பளமில்லாமல் அவருக்கு உதவியாளராக இருந்து, தகடுகளைக் கழுவி, சாயமூட்டி, குறிப்பெழுதி, அதே தகடுகளில் தன்னுடைய கசிவையும் வைத்தவர் அவர். ஒரு நாள் மாதிரியை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதே பெண்ணை மாதவிடாய்க்கு முன்னும் பின்னும், மாதத்துக்கு மாதம், வருடத்துக்கு வருடம் பார்த்தால்தான் இயல்பு எது, இயல்பு மீறியது எது என்று பிரிக்க முடியும். நோயுள்ள கலத்தை அவர் பின்னர் கண்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டார் என்றால், நோயில்லாத பெண் ஒருவரின் கலங்களை நாளாந்தம் பார்த்துப் பழகிய கண் அது. தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் ஆய்வுகூடத்துக்கே போயின.

இதை வாசித்தபோது நான் சின்னம்மாவின் வெட்கத்தை நினைத்தேன். மேரியும் கட்டுப்பாடான ஒரு சமூகத்தில் வளர்ந்தவர்தான். வெளிநாட்டில், மொழி தெரியாத இடத்தில், கணவரின் தொழிலுக்காக அவர் இதைச் செய்தார் என்பதில் ஒரு கேள்வியும் இருக்கிறது. மறுக்க அவருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று இன்று கேட்காமல் விட முடியாது. பரிசோதனைக்குப் பெயர் அவருடையதாகவும் உடல் இவருடையதாகவும் இருந்தது.

அந்தத் தகடுகளில் கலங்கள் மட்டும் இருக்கவில்லை. மெல்லிய குச்சிகள் போன்ற பற்றீரியாக்களும் கலங்களைச் சுற்றிச் சிதறிக் கிடந்திருக்கும். அவற்றை அதற்கு முன்னரே, 1892இல், ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜேர்மன் மகப்பேற்று வைத்தியர் விபரித்திருந்தார். ஆரோக்கியமான பெண்களின் யோனியில் இந்தக் குச்சிப் பற்றீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கி வேறு கிருமிகளைத் தடுக்கின்றன என்பது அவர் கண்டது. இன்று அவற்றை லக்டோபசிலஸ் என்கிறோம். நாங்கள் வீட்டில் உறைய வைக்கும் தயிரைப் புளிக்கச் செய்வதும் இந்த வகையைச் சேர்ந்த பற்றீரியாக்கள்தான். ஆனால் தயிரில் இருப்பதும் யோனியில் இருப்பதும் வெவ்வேறு இனங்கள். ஆகவே தயிரைப் பூசினால் சரியாகும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவை வாழும் விதம் பபனிக்கொலாவ் பார்த்த ஓமோன் மாற்றத்தோடு பின்னிப் பிணைந்தது. ஈஸ்ரோஜன் யோனியின் உட்புறக் கலங்களில் கிளைக்கோஜன் என்ற மாச்சத்தைச் சேமிக்க வைக்கிறது. உதிரும் கலங்களிலிருந்து வரும் அந்த மாச்சத்து எளிய வெல்லங்களாக உடைகிறது. லக்டோபசிலஸ் அதை உண்டு இலக்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அதனால் அந்த இடத்தின் பிஎச் அளவு பெரும்பாலும் 4.5க்குக் கீழே நிற்கிறது. பல நோய்க்கிருமிகளால் அந்தப் புளிப்பில் பெருக முடியாது. மாதவிடாய் நாட்களிலும், மாதவிடாய் முற்றாக நிற்கும் பருவத்திலும் இந்தச் சமநிலை மாறுவது இயல்பு. நீராலும் சவர்க்காரத்தாலும் கிருமிநாசினியாலும் உள்ளே கழுவுவது காவல் நிற்கும் பற்றீரியாக்களைத்தான் முதலில் விரட்டுகிறது. சின்னம்மா சுத்தம் என்று நினைத்துச் செய்தது இதைத்தான்.

பபனிக்கொலாவ் தேடியது இந்தக் குச்சிகளை அல்ல. அவர் கண் கலங்களில் இருந்தது. 1920களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கின் பெண்கள் வைத்தியசாலை ஒன்றில் நோயாளர்களிடமிருந்தும் மாதிரி எடுக்கத் தொடங்கியபோது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணின் தகட்டில் வழமைக்கு மாறான கலங்களைக் கண்டார். பெருத்து, ஒழுங்கு கெட்டு, கருத்த கருக்களோடு அவை கிடந்தன. வெட்டாமல், வலியில்லாமல், ஒரு துளி கசிவிலிருந்து புற்றுநோயைக் காணலாம் என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

1928 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் பற்றில் கிறீக் நகரில் இதை அறிவித்தார். இன மேம்பாடு என்ற பெயரில், மனிதரைத் தரம் பிரிக்கும் கொள்கைக்காரர்கள் கூடிய மாநாடு அது. அங்கே அந்த அறிவிப்பு எடுபடவில்லை. நோயியல் வைத்தியர்களும் மகப்பேற்று வைத்தியர்களும் அக்கறை காட்டவில்லை. கருப்பைக் கழுத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சோதிக்க வழியிருக்கும்போது உதிர்ந்த கலங்களை எதற்கு எண்ண வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். நோய் வெளியே தெரிந்த பிறகுதான் துண்டு வெட்டப்படுகிறது, தெரிவதற்கு முன்னால் யார் வெட்டுவார்கள் என்ற எதிர்க்கேள்வி அன்று ஏறவில்லை. அதே காலத்தில் ருமேனியாவில் ஔரெல் பாபெஷ் என்ற வைத்தியரும் கருப்பைக் கழுத்திலிருந்து நேரடியாகக் கலங்களை எடுத்துப் புற்றுநோயைக் கண்டறிந்து, 1928இல் பிரெஞ்சு மருத்துவ இதழில் வெளியிட்டார். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் செய்த வேலை. இருவரையும் உலகம் கவனிக்கவில்லை.

பபனிக்கொலாவ் சத்தம் போடவில்லை. திரும்பப் போய்த் தகடுகளைப் பார்த்தார், பத்து வருடங்களுக்கு மேல். 1939இல் பிரிவின் தலைமை மாறியபோது புதிய தலைவர் அந்தப் பழைய ஆய்வைத் தொடரச் சொன்னார். ஹேர்பட் ட்ரௌட் என்ற மகப்பேற்று வைத்தியரோடு சேர்ந்து, நியூயோர்க் வைத்தியசாலையின் பெண்கள் பிரிவுக்கு வந்தவர்களிடமிருந்து, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதிரி எடுத்தார். 3,000க்கு மேற்பட்ட பெண்கள். எந்த அறிகுறியும் இல்லாத சில பெண்களிலும் புற்றுநோய் வெளிப்பட்டது. 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வந்தன. நூலுக்கான வண்ணப் படங்களை வரைந்தவர் ஹாஷிமே முராயாமா என்ற ஜப்பானில் பிறந்த ஓவியர். அமெரிக்காவும் ஜப்பானும் போரில் இருந்த வருடங்களில், ஒரு கிரேக்கரும் ஒரு ஜப்பானியரும் சேர்ந்து அமெரிக்கப் பெண்களின் கலங்களை வரைந்துகொண்டிருந்தார்கள்.

அதன் பின்னர் வேகம் பிடித்தது. 1947இல் கனடாவைச் சேர்ந்த ஏர்னஸ்ட் ஏயர், மரத்தாலான சிறு கரண்டியால் கருப்பைக் கழுத்தை நேரடியாகச் சுரண்டி மாதிரி எடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். பல நாடுகளில் வந்த பயிற்சி வகுப்புகளில் கலம் வாசிக்கக் கற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பரிசோதனை ஒழுங்காக நடந்த நாடுகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. பபனிக்கொலாவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிரேக்கம் 1995இல் வெளியிட்ட 10,000 டிராக்மா தாளில் அவரது முகம் இருந்தது. 1961இன் கடைசியில், 78 வயதில், மயாமியில் புதிய புற்றுநோய் நிலையம் ஒன்றைக் கட்டியெழுப்பப் போனார். மூன்று மாதங்களில், 1962 பெப்ரவரி 19 அன்று, மாரடைப்பால் இறந்தார். நிலையத்துக்கு அவருடைய பெயர் வைக்கப்பட்டது. மேரி அவருக்குப் பின் 20 வருடங்கள் வாழ்ந்தார்.

அவர் காணாமல் போன பகுதி பிறகு தெரியவந்தது. 1983, 1984 வருடங்களில் ஜேர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான பப்பிலோமா வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளை இனங்கண்டது. உடலுறவால் தொற்றும் இந்த வைரசு மிகப் பெரும்பாலான பெண்களின் உடலைவிட்டு ஒன்றிரண்டு வருடங்களில் தானாகவே போய்விடுகிறது. போகாமல் தங்கும் சிலரிலேதான், பல வருடங்கள் எடுத்து, புற்றுநோய் உருவாகிறது. யாரில் போகிறது, யாரில் தங்குகிறது என்ற கேள்வியில்தான் டோடர்லைனின் குச்சிகள் திரும்பவும் வருகின்றன. லக்டோபசிலஸ், விசேடமாக கிரிஸ்பாட்டஸ் என்ற இனம், நிறைந்திருக்கும் பெண்களில் வைரசு தங்குவது குறைவு என்றும், அது குறைந்து பல்வேறு பற்றீரியாக்கள் கலந்திருக்கும் பெண்களில் வைரசும் கல மாற்றங்களும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்றும் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இது தொடர்பு. பற்றீரியா மாறியதால் மட்டும் புற்றுநோய் வந்துவிடும் என்பது இதன் பொருள் அல்ல. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நோய் அறிகுறி எதுவும் இல்லாத 396 பெண்களைப் பார்த்தபோது, கிட்டத்தட்ட நான்கில் ஒருவரில் லக்டோபசிலஸ் முன்னிலையில் இருக்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவுகோல் இல்லை.

சின்னம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவர் அழுக்கானவர் அல்ல. அந்த வரி ஒரு குற்றப்பத்திரிகை அல்ல, சிகிச்சையுள்ள ஒரு மாற்றம். வைத்தியர் கொடுத்த மாத்திரைகளை முடித்தார், உள்ளே கழுவுவதை நிறுத்தினார். நாற்றமோ வெள்ளைபடுதலோ இல்லாத பெண்ணாக இருப்பதற்காக இத்தனை வருடங்கள் பட்ட பாடு அநாவசியம் என்றதும் அவருக்குக் கோபம்தான் வந்தது. ஏன் ஒருவரும் முன்னமே சொல்லவில்லை என்ற கோபம்.

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. 2017இலிருந்து பாடசாலையில் ஆறாம் தரத்து மாணவிகளுக்குப் பப்பிலோமா வைரசுத் தடுப்பூசி போடப்படுகிறது. இன்று 35ஐத் தாண்டிய எங்கள் பெண்கள் தடுப்பூசிக் காலத்துக்கு முந்தியவர்கள். பதுங்குகுழியிலும் முகாமிலும் அந்த வயதைக் கடந்தவர்களுக்குத் துண்டு கொடுக்க அன்று யாரும் வரவில்லை. அவர்களுக்கு மிச்சமிருப்பது இந்தப் பரிசோதனைதான். வைரசின் மரபணுவைத் தேடும் புதிய பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் இப்போது முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. அதற்கான மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுக்கலாம். அது எங்கள் கிராமங்களுக்கு ஒழுங்காக வந்தால், யார் முன்னாலும் படுக்கத் தயங்கும் சின்னம்மாக்களுக்குக் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். வரும்வரை பழைய பப் போதும்.

பெரியம்மாவின் காலத்திலும் கிளினிக் இருந்தது, நடந்து போகும் தூரத்தில். மேரி தன் உடம்பை 21 வருடங்கள் நாளாந்தம் பார்க்கக் கொடுத்ததால் கிடைத்த அறிவு அங்கே ஒரு கண்ணாடித் தகடாகக் காத்திருந்தது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பெரியம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன மாதம் எனக்கு 35 முடிந்தது. என்னுடைய துண்டை வாங்கிவர குடும்பநல உத்தியோகத்தரிடம் சின்னம்மாவே வந்தார்.